தென்னிந்தியாவில் குவாண்டம் தகவலியல்

ரகசியச் சாவியை ஒளியின் மிகச்சிறு அலகான ஃபோட்டான்களில் ஏற்றி அனுப்பினால், இடைமறித்து அளப்பவரின் செயலே அவற்றின் நிலையைக் கலைத்து ஒட்டுக்கேட்பை வெளிப்படுத்திவிடும் என்று விளக்கிய சார்லஸ் பென்னட், ஜில் பிரசார் ஆகியோரின் கட்டுரை, 1984 டிசம்பரில் பெங்களூரில் நடந்த மாநாட்டில் அளிக்கப்பட்டது.

அல்லாடி ராமகிருஷ்ணனின் முயற்சியால் 1962இல் சென்னையில் தோன்றிய கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். சைமன், பிரிந்திருக்கும் இரு அமைப்புகளைத் தனித்தனியே விவரிக்க இயலாதபடி இணைக்கும் குவாண்டம் பின்னல், தொடர்ச்சியாக மாறும் அளவுகளைக் கொண்ட ஒளி அமைப்புகளில் உள்ளதா என்று சோதிக்கும் அளவுகோலை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஒன்றிய அரசு 2023இல் ரூ. 6,003.65 கோடி ஒதுக்கி ஒப்புதல் அளித்த தேசியக் குவாண்டம் இயக்கத்தின் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்தபோது, தாளில் வளர்ந்த கோட்பாடு பொறியியலாக மாறும் கட்டத்தைத் தமிழ்நாடு எட்டியது.