வெப்பத்தால் நிறம் மாறும் துணி அச்சு: வெயில் நிலத்திலிருந்து ஒரு மதிப்பீடு

பெண்ணாடத்தை அடுத்த விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கானில் வெப்பம் தரும் நிறம் நிலையானது: கறுப்பான கோபால்ட் ஆக்சைடு சூளையில் வெந்து மெருகுப்பூச்சில் நீலமாகிறது, ஆறிய பின் கறுப்புக்குத் திரும்புவதில்லை. வெப்பநிற மையால் அச்சிட்ட துணியோ சூடேறினால் வெளுக்கும். குளிர்ந்தால் பழைய நிறம் பெறும். இந்த மீள்தன்மை ஆடை அலங்காரமாக நம் நிலத்தில் எடுபடாது, எச்சரிக்கைக் குறியாக மட்டுமே பயன்படும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

துணியில் பரவலாகப் பயன்படும் வகையில், சில மைக்ரான் அளவுள்ள நுண்குமிழ் ஒவ்வொன்றிலும் மூன்று பொருள்கள் அடைபட்டுள்ளன: கிரிஸ்டல் வயலட் லாக்டோன் போன்ற லியூக்கோ சாயம், அதற்கு நிறமூட்டும் மென்அமிலம், மெழுகு போன்ற கரைப்பான். கரைப்பான் உறைந்திருக்கையில் அமிலம் சாயத்தோடு இணைந்து, அதன் லாக்டோன் வளையத்தைத் திறந்து வைக்கிறது, நிறம் தெரிகிறது. கரைப்பான் உருகினால் அந்த இணைப்பு குலைகிறது. வளையம் மூடி நிறம் மறைகிறது. ஆகவே நிறம் மாறும் வெப்பநிலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கரைப்பானின் உருகுநிலையே.

அமெரிக்காவின் சியாட்டில் நகர ஜெனெரா நிறுவனம் 1991-இல் ‘ஹைப்பர்கலர்’ சட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கை வைத்த இடத்தில் அச்சு பதிந்ததுபோல் நிறம் மாறியதால் அவை பரபரப்பாக விற்றன. அறை குளிர்ந்தும் உடல் வெதுவெதுப்பாகவும் இருந்தால்தான் அந்த வேடிக்கை நடக்கும். தோலின் வெப்பநிலை சுமார் 33°C. சந்தையில் அதிகம் கிடைக்கும் 31°C மையை அச்சிட்ட சட்டை, நண்பகல் வெப்பம் 38°C-ஐத் தாண்டும் சித்திரை வெயிலில் யாரும் தொடாமலே வெளுத்துக் கிடக்கும். உயர்ந்த வெப்பநிலைக்குரிய மையைத் தேர்ந்தால் என்ன என்று கேட்கலாம். வெயிலில் நிறம் நிற்கும். ஆனால் உடல்சூட்டுக்கு அது அசையாது. வேடிக்கையே போய்விடும்.

துணியைப் பேணும் நம் வழக்கமும் இதற்குப் பகை. லியூக்கோ சாயங்கள் புறஊதாக் கதிரில் விரைவில் சிதைபவை; நாமோ கொடியில் வெயில்படக் காயப்போடுகிறோம். கரி இஸ்திரிப்பெட்டியின் சூடும் நுண்குமிழ்களுக்குக் கேடு. ஹைப்பர்கலர் சட்டைகளே வெந்நீர்ச் சலவையில் நிறம் மாறும் திறனை இழந்தன. மேலும், நிறமூட்டியாகப் பயன்பட்ட பிஸ்பீனால்-ஏ 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மிகுகவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்ந்தது. குமிழ்ச்சுவரான மெலமைன்-ஃபார்மால்டிஹைடு பிசின் ஃபார்மால்டிஹைடை வெளியிடக்கூடும். குழந்தை ஆடைகளுக்கு இவை ஏற்றவையல்ல. ஏற்றுமதியை நம்பும் திருப்பூர் இதைப் புறக்கணிக்க முடியாது.

ஆனால் ஊரின் வெப்பத்துக்கு மேலே நிற்கும் மைக்கு வேறு வேலை உண்டு. சூளைக்கூடத் தொழிலாளியின் மேலங்கியில் நிலையான சிவப்புப் பட்டை அச்சிட்டு, அதன்மேல் 45°C-இல் மறையும் கறுப்பு மையைப் பூசலாம். துணி அந்தச் சூட்டை எட்டியதும் கறுப்பு மறைந்து சிவப்பு தெரியும்; விலகி நிற்கச் சொல்லும் குறி அது. கூடத்து நிழலில் பயன்படுவதால் வெயிற்சிதைவும் குறையும். மங்கிய பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி தனித்துண்டாகத் தைப்பது சிக்கனம்.

எனவே அச்சகத்தார் மை வாங்கும்போது நிறத்தைக் கேட்பதற்கு முன் அது மாறும் வெப்பநிலையைக் கேட்க வேண்டும். அந்த எண்ணைத் தம் ஊரின் கோடை வெப்பத்தோடு ஒப்பிட்ட பின்னரே துணியில் கைவைக்க வேண்டும்.