பெயரறியாதார் கூற்றும் பத்திரிகை அறமும்

இலங்கையிற் புதினத்தாள்களை ஒழுங்குபடுத்த எழுந்த 1839 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குடியேற்ற ஆட்சியின் கண்காணிப்புக் கருவிகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் நெடுந்தலைப்பு நோக்கற்பாலது. அறியப்படாத ஆட்கள் புதினத்தாள்களை அச்சிட்டு வெளியிடுவதனால் விளையும் தீங்கைத் தடுத்தலே அதன் நோக்கமென அத்தலைப்புக் கூறும். அச்சிடுவோரும் வெளியிடுவோரும் தம் பெயரையும் வதிவிடத்தையும் எழுத்திற் பதிதல் வேண்டும் என்பது விதி. ஆட்சியாளர் தம் நலங்கருதி இட்ட இவ்விதி, காலப்போக்கிற் பத்திரிகை அறத்துக்கும் அடித்தளமாயிற்று. அவ்வடித்தளத்தையே எண்ணிம ஊடகம் இன்று அசைத்துள்ளது.

1841 இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய 'உதயதாரகை'க்கு ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவர் ஆசிரியராயிருந்தனர். பாராட்டும் பழியும் சென்றடைய ஒரு முகவரி இருந்தது. வெளியிடுமுன் உண்மை தேர்தல், பிழை நேரின் திருத்துதல், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மறுமொழி கூற இடமளித்தல் ஆகிய நியமங்கள் அத்தகைய முகவரி இருந்தமையாலேயே பொருளுடையனவாயின. 1973 ஆம் ஆண்டின் பத்திரிகைப் பேரவைச் சட்டம் அரசின் கையாலும், 1998 ஆம் ஆண்டின் கொழும்புப் பிரகடனமும் 2003 இல் அமைந்த பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவும் துறையினரின் விருப்பாலும் இந்நியமங்களை நிலைநிறுத்த முயன்றன. வழி வேறாயினும் எடுகோள் ஒன்றே: செய்திக்குப் பின்னால் விடைகூறக் கடமைப்பட்ட ஒருவர் உளர்.

2018 பெப்ரவரி 26 ஆம் நாள் அம்பாறையில் நிகழ்ந்தது இவ்வெடுகோளைப் பொய்ப்பித்தது. முஸ்லிம் உணவகமொன்றில் உணவுடன் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதெனக் கூச்சல் எழுந்தது. சிங்களம் நன்கறியாத ஒருவர், சூழ்ந்து நின்று வினவியோருக்குத் தடுமாறிக் கூறிய விடை கைத்தொலைபேசியிற் பதிவாகி, குற்ற ஒப்புதலாக முகநூலிற் பரவிற்று. பயிற்சி பெற்ற நிருபர் எனின் அவரை அவர்தம் மொழியில் மீண்டும் வினவியிருப்பார். மருத்துவர் ஒருவரையும் அணுகியிருப்பார். உணவில் இருந்தது மாவுக்கட்டியே என அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். ஆயின் வதந்தி புகுந்த வீடெங்கும் திருத்தம் புகவில்லை. மார்ச் தொடக்கத்தில், தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து கண்டி மாவட்டத்துத் திகனை, தெல்தெனியா முதலாய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உடனடிக் காரணம் வேறாயினும், பகையை வளர்த்ததில் முகநூலுக்கும் பங்குண்டு. அந்நிறுவனமே 2020 மே மாதத்தில் அதற்காக வருத்தந் தெரிவித்தது.

பழியனைத்தையும் புதிய ஊடகத்தின்மேற் சுமத்துதலும் நேர்மையாகாது. 2019 மே மாதத்தில் ஒரு சிங்கள நாளிதழ், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களை மலடாக்கினார் என்று முதற்பக்கத்தில் எழுதிற்று. அதற்கு ஆதாரமில்லையெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றுக்கு அறிவித்தது. இங்கே ஆசிரியர் இருந்தார், முகவரியும் இருந்தது. கைத்தொலைபேசித் திரையில் உலவிய வதந்தியின் இனத்தைச் சேர்ந்ததொன்று, உண்மை தேரப்படாமலே அச்சேறிற்று. பெயர் இன்றியமையாதது, பெயர் மட்டும் போதாது.

அரசு கண்ட பரிகாரம் யாது? 2018 இல் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைச் சில நாள்கள் முடக்கிற்று. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்க்கூற்றுக்களுக்கு எதிராகச் செயற்படும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. 1839 இன் இரட்டை இயல்பு இங்கு மீள்கின்றது. வதந்தியாளனின் முகத்திரையைக் கிழிக்கும் கை, உண்மையுரைப்போனின் முகத்திரையையும் கிழிக்கவல்லது. 2000 இல் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜனும், 2005 இல் தர்மரத்தினம் சிவராமும், 2009 இல் லசந்த விக்கிரமதுங்கவும் கொல்லப்பட்டமையை நினைவிற் கொள்வோர், பெயர் மறைத்தலை வெறுங்கோழைமை எனத் தள்ளிவிடார்.

ஆகவே வேறுபாடொன்றை வகுத்தல் வேண்டும். தகவல் தந்தவரின் பெயரை மறைத்து அதன் உண்மைக்குத் தான் பொறுப்பேற்கும் ஆசிரியர் வேறு. எவரும் பொறுப்பேலாது கைமாறும் கூற்று வேறு. முன்னையது பத்திரிகை மரபு பேணிவந்த அறம். பின்னையது 1839 இல் அஞ்சப்பட்ட பெயரறியாதாரின் மறுவருகை. செய்தியைப் பகிரும் ஒவ்வொருவரும் இன்று வெளியீட்டாளரே. ஆதலின் அதற்கு விடைகூறும் கடமையும் அவரைச் சார்ந்ததேயாம்.