வெல்ராட்: பெயர் பொறிக்கப்படாத துப்பாக்கி

திரைப்படங்களில் உளவாளி தன் கைத்துப்பாக்கியின் முனையில் ஒரு குழாயைத் திருகி மாட்டுவார். பிறகு அவர் சுடுவது பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. நம் பிள்ளைகள் பலரும் இதை உண்மை என்றே நம்புகிறார்கள். சாதாரணத் துப்பாக்கியில் குழாயை மாட்டினால் சத்தம் குறையுமே தவிர மறைந்துவிடாது. சத்தத்தை முடிந்தவரை அடக்குவதற்காகவே இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் தனியாக ஒரு துப்பாக்கியை உருவாக்கியது. அதன் பெயர் வெல்ராட்.

ஜெர்மனி பிடித்திருந்த நாடுகளுக்குள் இரகசியமாக ஆட்களை அனுப்பி நாசவேலை செய்ய, 1940 ஜூலையில் எஸ்.ஓ.இ. என்ற அமைப்பை பிரிட்டன் தொடங்கியது. அதன் ஆய்வுக்கூடம் ஒன்று லண்டனுக்கு வடக்கே வெல்வின் நகருக்கு அருகில் இருந்தது. அங்கே உருவான பல கருவிகளின் பெயர்கள் 'வெல்' என்றே தொடங்கின. வெல்ராடை வடிவமைத்தவர் மேஜர் ஹியூ ரீவ்ஸ்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

துப்பாக்கிச் சத்தத்துக்கு மூன்று காரணங்கள் உண்டு. வெடிமருந்தின் வாயு குழலை விட்டுப் பீறிட்டு வெளியேறுவது ஒன்று. குண்டு ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரைத் தாண்டும்போது எழும் வெடிப்பொலி இரண்டாவது. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் உலோகப் பாகங்களின் உராய்வும் மோதலும் மூன்றாவது.

வெல்ராட் இந்த மூன்றையும் கவனித்தது. குழலில் இருந்த துளைகள் வழியாக வாயு சுற்றியுள்ள அறைக்குள் பரவியது. குண்டின் வேகமும் ஒலியின் வேகத்துக்குக் கீழே நின்றது. முன்பகுதியில் இருந்த உலோகத் தடுப்புகளும் ரப்பர் வட்டுகளும் மிச்ச வாயுவை அடக்கின. தோட்டா தானாக ஏறாது. ஒவ்வொரு முறையும் பின்புறக் குமிழைத் திருகி இழுத்துத் தள்ள வேண்டும். ரப்பர் வட்டுகளைக் குண்டு துளைத்துச் செல்வதால் அவை விரைவில் தேய்ந்துவிடும். எனவே இது போர்க்களத்துக்கான ஆயுதமல்ல. மிக அருகில் நிற்கும் ஒருவரைக் கொல்வதற்கான ஆயுதம்.

தோட்டா உறையே இதன் கைப்பிடி. அதைக் கழற்றிவிட்டால் மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு போலத் தோன்றும். தயாரிப்பாளரின் பெயரும் இதில் பொறிக்கப்படவில்லை. எதிரியிடம் சிக்கினாலும், அதைச் செய்த நாட்டைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதே நோக்கம்.

டென்மார்க்கின் எதிர்ப்பியக்கத்தினருக்கு வெல்ராட் கிடைத்தது. ஜெர்மானியருக்குத் தகவல் தருபவர்கள் என்று கருதி அந்த இயக்கத்தினர் சுமார் 400 பேரை, பல்வேறு ஆயுதங்களால், கொன்றனர். நாடு ஆக்கிரமிப்பாளர் பிடியில் இருந்தபோது வேறு வழியில்லை என்பது அவர்கள் வாதம். ஆனால் கொல்லப்பட்டவர்களுக்கு விசாரணை இல்லை. தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் இல்லை. தவறாகக் குறிவைக்கப்பட்டவர்களும் அவர்களில் இருந்தனர்.

இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் வெல்ராட் இருக்கிறது. அதன் பொறியியல் நுட்பம் வியப்பைத் தரலாம். ஆனால் சுட்டது யார், அனுப்பியது யார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் செய்வதும் அந்த நுட்பத்தின் ஒரு பகுதிதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது நல்லது.