மூன்றாம் தடவை

கேடி என்ற சொல்லைத் தமிழ் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். கேடு செய்பவன் கேடி. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பிறகுதான் தெரிந்தது, அது போலீஸ் ஸ்டேஷன் ரிஜிஸ்தரின் தலைப்பிலிருந்த இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள் என்று. பேர் தெரிந்த பழைய திருடர்களைக் குறித்துவைக்கிற ரிஜிஸ்தர். அதில் ஒருவன் பேர் ஏறிவிட்டால் அவன் என்ன செய்தான் என்பது பின்னுக்குப் போய், அவன் யார் என்பது முன்னால் வந்து நின்றுவிடும். தண்டனைச் சட்டத்திலும் இது நடந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவை வக்கீல்கள் அறிவார்கள். கள்ள நாணயம், சொத்து சம்பந்தமான குற்றங்கள் இவற்றில் மூன்று வருஷமோ அதற்கு மேலோ சிறை விதிக்கத் தக்க ஒன்றுக்காகத் தண்டனை பெற்றவன், மறுபடி அப்படிப்பட்ட ஒன்றைச் செய்தால் அவனுக்குப் பத்து வருஷம் வரை, ஏன், ஆயுள் வரைகூடத் தரலாம். சாதாரணத் திருட்டுக்கு உச்ச தண்டனை மூன்று வருஷம். ஒரு செம்பைத் திருடி உள்ளே போய்வந்தவன் இன்னொரு செம்பைத் திருடினால் மூன்று, பத்தாகிறது. செம்பு அதே செம்புதான்.

ஆனாலும் இது உச்சவரம்பு மட்டுமே. நீதிபதி ஆறு மாசம் கொடுத்து அனுப்பிவிடலாம். கூடவே ஒரு காப்பும் இருந்தது: இந்தக் குற்றத்துக்குத் தீர்ப்பு சொல்லி முடியும்வரை, முன் தண்டனை பற்றிக் கோர்ட்டில் வாய் திறக்கக் கூடாது. முதலிலேயே சொல்லிவிட்டால் நீதிபதியின் காது எப்படி மாறும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தத் தாராளத்தை ஒரு பகுதி ஜனங்களுக்கு மட்டும் இல்லாமல் செய்ததுதான் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கே பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பதிவு, கைரேகை, ராத்திரியில் ஸ்டேஷனில் ஆஜர் ஆவது, இவையெல்லாம் பேசப்பட்ட விஷயங்கள். மதுரைப் பக்கம் கள்ளர் நாட்டில் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பேர். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. நினைவில் நிற்பது துப்பாக்கிதான், அது நியாயமும்கூட. ஆனால் 1924இல் தொகுத்து எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. துப்பாக்கிச் சத்தம் அதற்குக் கிடையாது.

அது சொல்வது இது. அறிவிக்கப்பட்ட ஜாதியைச் சேர்ந்த ஒருவன், அட்டவணையில் கண்ட குற்றம் ஒன்றுக்கு இரண்டாம் தடவை தண்டனை பெற்றால் ஏழு வருஷத்துக்குக் குறையக் கூடாது. மூன்றாம் தடவை என்றால் ஆயுள் தீவாந்தரம். இதற்கு மாறாக விதிக்க விசேஷ காரணம் இருந்தால் அதைத் தீர்ப்பில் எழுத வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்க்கிறேன். ஒரே ராத்திரி, ஒரே வீடு, ஒரே கன்னக்கோல். உள்ளே போன இருவருக்கும் முன் தண்டனை ஒவ்வொன்று. ஒருவன் அறிவிக்கப்பட்ட ஜாதி, மற்றவன் இல்லை. மற்றவனுக்குக் குறைத்துக் கொடுக்க நீதிபதி யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். இவனுக்கு ஏழுக்குக் கீழே இறங்குவதென்றால் பேனாவை எடுக்க வேண்டும். கடுமை தானாக வரும், கருணைக்குத்தான் விளக்கம். அந்த ஜாதியை அறிவித்தது சரியா என்று அவர் கேட்கவும் முடியாது. அறிவிப்பைக் கேள்வி கேட்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று சட்டமே கதவைச் சாத்தியிருந்தது.

அடுத்த பிரிவு இன்னும் விசித்திரம். பதிவு செய்யப்பட்ட ஒருவன் திருடச் சமயம் பார்த்துக் காத்திருந்தான் என்று கோர்ட்டுக்குத் தோன்றினால் மூன்று வருஷம் வரை. திருட்டுக்கே உச்சம் மூன்றுதான் என்று மேலே சொன்னேன். நின்றாலும் மூன்று, எடுத்தாலும் மூன்று.

அமெரிக்காவில் கலிபோர்னியா 1994இல் மூன்றாவது குற்றத்துக்கு 25 வருஷம் முதல் ஆயுள் வரை என்று சட்டம் செய்து, பேஸ்பால் ஆட்டத்திலிருந்து அதற்குப் பேரும் வைத்தது. புதுமை என்று பலர் எழுதினார்கள். டெக்ஸாஸில் அதற்கு வெகு முன்பே இருந்தது. அங்கே மூன்று சில்லறை மோசடிகள், மொத்தம் 230 டாலர்கூட இல்லை, அதற்காக ரம்மல் என்பவருக்கு ஆயுள் விதித்தார்கள். 1980இல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நாலு என்று அதைச் சரி என்றது. நம் மாகாணத்தில் மூன்றாம் தடவைக்கு ஆயுள் என்பது கலிபோர்னியாச் சட்டத்துக்கு மூத்த சேதி. ஒரு வித்தியாசம்: அங்கே சட்டத்தின் வாசகத்திலாவது எண்ணிக்கை எல்லோருக்கும் பொது. இங்கே பிறப்பைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணவே தொடங்கினார்கள்.

சென்னையில் 1947இல் சட்டம் ஒழிந்தது. 1952இல் நாடு முழுக்க. ஜீவானந்தமும் முத்துராமலிங்கத் தேவரும் போராடியது வீண்போகவில்லை. ஆனால் 1948இலேயே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. இதில் ஜாதி இல்லை. மூன்று தடவை சிறைத் தண்டனை பெற்றவன் வழக்கக் குற்றவாளி. அந்தத் தண்டனை இந்தச் சட்டத்துக்கு முன்னால் கிடைத்ததானாலும் சரி. இந்த 'முன்னால்' என்ற சொல்லில்தான் நான் தடுக்கி விழுகிறேன். முந்தைய முப்பது வருஷங்களில் திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் எந்தத் தெருவுக்குப் போனது? யாருடைய ரேகை தயாராக இருந்தது? அந்தத் தெருக்களில் சேர்ந்த தண்டனைகளைத்தான் புதிய சட்டம் ஜாதி பார்க்காமல் எண்ணியது. ரத்து செய்தவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. பழைய கணக்கைக் கிழிக்காமல் புதிய நோட்டில் முன்பாக்கி என்று எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், சிறைப் பதிவேடுகளில் ஜாதிக்கு இருந்த பத்தியை நீக்கச் சொன்னது. அதே வருஷம் ஜூலையில் பழைய தண்டனைச் சட்டம் போய் நியாய சன்ஹிதா வந்திருந்தது. 75ஆம் பிரிவு அதில் 13ஆம் பிரிவாக, வாசகம் ஏறக்குறைய மாறாமல் உட்கார்ந்திருக்கிறது. திருட்டுப் பிரிவில் ஒரு புதுமை. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் தடவை, திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவையோடு போகலாம். இரண்டாம் தடவை என்றால் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது, ஐந்து வரை போகலாம். விசேஷ காரணம் எழுதிக் குறைக்கிற வழி 1924இன் சட்டத்தில் இருந்தது. இந்தப் பிரிவில் அதைத் தேடிப் பார்த்தேன், இல்லை.