1958 தோக்கியோ: இலங்கைக்கு முதல் தங்கம் தந்த தமிழர்

பள்ளி விளையாட்டுப் போட்டியில் நம்ம பிள்ளைங்க உயரம் தாண்டுறதைப் பார்த்திருப்பீங்க. கேமரன் மலைத் தோட்டப்புறமானாலும் ஆசியப் போட்டியானாலும் விதி ஒன்றுதான்: ஒற்றைக் காலில் எம்பணும், தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேறணும்.

2.03 மீட்டர்

1958 தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணத்தின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் தாண்டிய உயரம் இது. கிட்டத்தட்ட உங்க வீட்டு வாசற்கதவின் உயரம்! இப்போது எல்லாரும் முதுகைக் கம்பின் மேல் வளைத்துத் தாண்டுறாங்க. அமெரிக்கரான டிக் ஃபோஸ்பரி அந்த முறையில் ஒலிம்பிக் தங்கம் வென்றது 1968-இல்தான்.

ஏன் முக்கியம்?

ஆசியப் போட்டிகளில் இலங்கையின் முதல் தங்கம் அது. போட்டி தொடங்கிய அதே மே மாத இறுதியில், இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தது; அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த நாட்டுக்குத்தான் ஒரு தமிழர் தங்கம் வென்று தந்தார். எதிர்வீரசிங்கம் 2024-இல் காலமானார்.