குஞ்சுக்கு முதல் சோறு

இன்னைக்குக் கதை ஒரகடத்துல, என் வாடகை ரூம்ல, ஒரு பிளாஸ்டிக் டப்பால ஆரம்பிக்குது.

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வழியில, ஏரி மதகுக்குக் கீழே இருந்த வாய்க்கால்ல குட்டிக் குட்டியா பழுப்பு மீன்கள். விரல் நீளம்கூட இருக்காது, வால் நடுவுல ஈர்க்குச்சி மாதிரி கூரா நீட்டிக்கிட்டு இருக்கும். நாலைப் பிடிச்சுட்டு வந்து டப்பால விட்டேன். கொஞ்ச நாள்ல ஆண் மீன் வாயால நுரை ஊதி ஒரு கூடு கட்டி, அதுல முட்டைகளை ஒட்டி வச்சுக் காவல் நின்னுச்சு. ரெண்டே நாள்ல பொரிஞ்சிடுச்சு. இமை முடியை வெட்டிப் போட்ட மாதிரி எண்ண முடியாத அளவு குஞ்சுகள். நானும் பண்ணைக்காரன் ஆயிட்டேன்னு நினைச்சேன். ஒரே வாரத்துல அத்தனையும் செத்துப்போச்சு. அவிச்ச முட்டையோட மஞ்சக்கருவைக் கரைச்சு ஊத்தியிருந்தேன். பண்ணைகள்லயும் கொடுக்கிறதுதான், ஆனா நான் ஊத்தின அளவுக்குத் தண்ணி நாறிடுச்சு.

அந்தக் கோவத்துலதான் தேட ஆரம்பிச்சேன். முதல்ல கிடைச்சது மீனோட பேரு: சூடோஸ்ஃப்ரோமீனஸ் குப்பானஸ். குப்பானஸ்னா என்ன லத்தீன்னு பார்த்தா, நம்ம குப்பம்! 1831-ல பிரெஞ்சு விஞ்ஞானி குவியே இதை விவரிச்சப்போ, மீன் கிடைச்ச இடம் புதுச்சேரிக்குப் பக்கத்துல அரியாங்குப்பம் ஆறு. அதான் பேராச்சு.

இதோட சொந்தக்கார மீன் ஒண்ணு 1869-ல சீனாவிலிருந்து பாரிஸுக்குப் போச்சு. பாரடைஸ் மீன்னு சொல்வாங்க. அதுவும் நுரைக்கூடு கட்டுறதுதான். பியர் கார்போன்னியேங்கிறவர் தொட்டியில அதை முட்டை வைக்கவச்சு, குஞ்சுகளை வளர்த்தும் காட்டினார். பல பேரு, வெப்பநாட்டு மீன் வளர்ப்போட கதையை அங்கிருந்துதான் ஆரம்பிப்பாங்க.

முட்டை பொரியறதுல நமக்குப் பெரிய வேலை இல்லைங்க. அதை அப்பா மீன் பார்த்துக்கும். குஞ்சு வயித்துல ஒட்டியிருக்கிற மஞ்சக்கருப் பை தீர்ந்து, அது நேரா நீந்த ஆரம்பிக்கும் பாருங்க, அன்னைக்குத்தான் நம்ம வேலை தொடங்குது. அதோட வாய்க்குள்ள போற அளவுக்கு உயிருள்ள இரை வேணும். அது நம்ம கண்ணுக்கே தெரியாத சைஸ்.

அந்த இரையை 1676-லயே ஒருத்தர் பார்த்துட்டார். டெல்ஃப்ட் ஊர்த் துணி வியாபாரி லேவன்ஹூக். மிளகு ஏன் காரமா இருக்குன்னு தெரிஞ்சுக்க அதைத் தண்ணியில ஊறவச்சு, லென்ஸ்ல பார்த்தார். காரத்துக்குக் காரணம் கிடைக்கல. தண்ணிக்குள்ள நுண்ணுயிர்கள் நெளிஞ்சுது. ஊறல்ல கிடைச்சதால பின்னாடி அதுக்கு இன்ஃப்யூசோரியான்னு பேரு வந்துச்சு. மிளகு வேணாம், வைக்கோலே போதும். காய்ஞ்ச வைக்கோல்ல கூடுகட்டித் தூங்குற உயிரிகள் தண்ணி பட்டதும் முழிச்சுக்கும்.

அதுக்கு அடுத்த படிக்கு 1933 வரைக்கும் வரணும். சான் பிரான்சிஸ்கோ ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்துல இருந்த ஆல்வின் சீல், மீன்களுக்கு உப்பளத்து ஆர்டீமியா நல்ல உயிர்த்தீவனம்னு எழுதினார். குட்டி இறால் மாதிரி ஒரு ஜந்து. அதோட முட்டை தூள் மாதிரி வருஷக்கணக்கா காய்ஞ்சு கிடக்கும். உப்புத்தண்ணியில போட்டுக் காத்து விட்டா ஒரு நாள்ல பொரிஞ்சிடும். மீன்குஞ்சுக்கு இரை வேணும்னா டப்பாவைத் திறந்தா போதும்! இன்னைக்குக் கொளத்தூர் கடைகள்லயும் அந்த டப்பா இருக்கு.

ரூம்மேட் அண்ணன் தூத்துக்குடிக்காரர். வைக்கோல் பாட்டிலைப் பார்த்துட்டு, "என்ன தம்பி, மீனுக்குக் கஷாயமா?"ன்னு சிரிச்சார். ஆர்டீமியா படத்தைக் காட்டினேன். "ஏ, இது எங்க உப்பளத்துல செவப்பா நெளியுமே! இதையா காசு கொடுத்து வாங்குத?"

அவர் சொன்னது சரிதான், தூத்துக்குடி உப்பளத்துல ஆர்டீமியா உண்டு. நான் டப்பாதான் வாங்கினேன்.

ரெண்டாவது தடவை, மருந்தடிக்காத வைக்கோலை ஏரித்தண்ணியில நாலு நாள் ஊறவச்சேன். குஞ்சுகள் நீந்த ஆரம்பிச்சதும் அப்பா மீனை எடுத்துட்டேன், இல்லன்னா அதே தின்னுடும். ஊறல் தண்ணி வேளைக்கு ஒரு ஸ்பூன். ஒரு வாரம் கழிச்சு ஆர்டீமியா. ஆரஞ்சு நிறக் குஞ்சைத் தின்னதும் அதுங்க வயிறும் ஆரஞ்சாத் தெரிஞ்சுது. அதைப் பார்த்துட்டு அன்னைக்கு ஷிஃப்டுக்கு லேட்டாப் போனேன். இந்த மீன் வளர வளர மேல வந்து நேரா காத்தையே குடிக்கும், அதனால மேல சில்லுன்னு காத்து படாம மூடி வச்சிருந்தேன்.

இன்னும் நாலு பிடிக்கலாம்னு போனா, அந்த வாய்க்கால் இல்ல. ரோட்டை அகலப்படுத்தி, தண்ணியைக் குழாய்க்குள்ள விட்டுட்டாங்க.

டப்பால 11 குஞ்சு இருக்கு. அண்ணன் ரெண்டு கேட்டிருக்கார்.