உங்கள் கிளிக் எந்த வழியாகப் போகிறது?

பாடசாலை தந்த மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். "இந்தத் தளம் தடைசெய்யப்பட்டுள்ளது" என்று வருகிறது. அதே பக்கம் உங்கள் கைபேசியில் உடனே திறக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பல இடங்களில் இதற்கான விடை ஒரே சொல்தான்: புராக்சி. உங்களுக்குப் பதிலாக வெளியே போய் வருகிற கணினி அது. நீங்கள் கடைக்குப் போகாமல், பட்டியலைக் கொடுத்துத் தம்பியை அனுப்புவது போல. கடைக்காரருக்குத் தம்பியின் முகம் மட்டும்தான் தெரியும். தம்பிக்கோ உங்கள் பட்டியல் தெரியும். வேண்டுமென்றால் "இதை வாங்க மாட்டேன்" என்றும் சொல்லுவான்.

நான் அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். ஆயிரக்கணக்கான உலாவிகளுக்கு "இந்த வழியாகப் போ" என்று ஒரே நேரத்தில் சொல்ல மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்ற கதையை இன்று சொல்லப் போகிறேன்.

மதிலில் ஒரு வாசல்

1990களின் தொடக்கத்தில் பெரிய நிறுவனங்கள் தங்கள் வலையமைப்பைச் சுற்றி ஃபயர்வோல் என்ற மதிலைக் கட்டின. வெளியாட்கள் உள்ளே வர முடியாது. ஆனால் உள்ளே இருந்த ஊழியர்களும் புதிதாக வந்த வலையைப் பார்க்க முடியாமல் போனது.

வலை பிறந்த இடம் ஜெனீவாவுக்கு அருகில் உள்ள சேர்ன் ஆய்வுகூடம். அங்கே வேலை செய்த அரி லுவோடோனென் என்பவரும் இன்டெல் நிறுவனத்தின் கெவின் ஆல்ட்டிஸும் 1994இல் வலைப் புராக்சி பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மதிலில் ஒரேயொரு கணினியை வையுங்கள், எல்லாருக்காகவும் அதுவே வெளியே போய் வரட்டும் என்பது அதன் சாரம். இன்னொரு நன்மையும் இருந்தது. ஒருவர் கேட்ட பக்கத்தைப் புராக்சி சேமித்து வைத்துக்கொண்டால், அடுத்தவருக்கு அதையே கொடுக்கலாம். இணைப்புகள் மிக மெதுவாக இருந்த காலத்தில் அது பெரிய விஷயம்.

ஆகவே, புராக்சி பிறந்தது தடை போடுவதற்காக அல்ல. மதிலுக்குள் இருந்தவர்களுக்கு வழி திறக்கத்தான். இதை நினைவில் வைத்திருங்கள்.

ஒவ்வொரு மேசையாக

புராக்சியை வைத்தாயிற்று. அது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு உலாவிக்கும் யார் சொல்வது? ஒருவர் மேசை மேசையாகப் போய், அமைப்புகளைத் திறந்து, முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு கணினிக்கு 5 நிமிடம் என்று வைத்தால், 500 கணினிகளுக்கு 2500 நிமிடம். அது 41 மணித்தியாலத்துக்கும் அதிகம், அதாவது ஒரு முழு வார வேலை. புராக்சியின் முகவரி மாறினால் மறுபடியும் முதலிலிருந்து.

1996இல் வந்த நெட்ஸ்கேப் நவிகேட்டர் 2.0 இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கியிருந்தார். அந்த மொழியில் ஒரு சிறிய கோப்பு எழுதி, ஓரிடத்தில் வைத்துவிடுவார்கள். அதைப் பாக் கோப்பு என்பார்கள். உலாவி அதை எடுத்து வந்து, எந்தப் பக்கத்துக்குப் போகும் முன்பும் "இதற்கு எந்த வழி?" என்று கேட்கும். "நேரே போ" அல்லது "இந்தப் புராக்சி வழியாகப் போ" என்று கோப்பு பதில் சொல்லும். கிழமையையும் நேரத்தையும் பார்த்துப் பதிலை மாற்றக்கூட அதில் வசதி இருந்தது.

இப்போது ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தடவை போனால் போதும். பிறகு அந்த ஒரு கோப்பைத் திருத்தினால் எல்லா உலாவிகளும் திரும்பும்.

ஸ்கிரிப்ட் ஓடிய காலம்

அந்த ஒரு தடவையையும் தவிர்க்க முடியாதா? முடியும். ஊழியர் காலையில் உள்நுழையும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டில், புராக்சி முகவரியை எழுதும் சில வரிகளைச் சேர்த்தார்கள்.

சுலபமாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் விண்டோஸில் இந்த அமைப்பு பொதுவாகக் கணினிக்கு உரியதல்ல, பயனருக்கு உரியது. ஒரே கணினியை மூன்று பேர் பயன்படுத்தினால் மூன்று தனி அமைப்புகள். நிர்வாகி தன் பெயரில் ஸ்கிரிப்டை ஓட்டினால், அவருடைய அமைப்புதான் மாறும். அந்த மேசையில் இருப்பவருக்கு எதுவும் மாறாது. அதனால்தான் ஒவ்வொருவரும் உள்நுழையும் நேரத்தில், அவரவர் பெயரில் அது ஓட வேண்டியிருந்தது.

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000, குரூப் பொலிசி என்ற முறையைக் கொண்டு வந்தது. நிர்வாகி ஓரிடத்தில் விதியை எழுதினால் போதும். கணினிகள் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை தாமாகவே வந்து, விதி மாறியிருக்கிறதா என்று பார்க்கும்.

பிறகு 2004 நவம்பரில் பயர்பொக்ஸ் 1.0 வெளிவந்தது. அது தன் புராக்சி அமைப்பைத் தன் சொந்தக் கோப்பில் வைத்திருந்தது. அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையின் பெயரிலும் தாறுமாறான எழுத்துகள் சேர்ந்திருக்கும். தீய நிரல்கள் இடத்தை எளிதில் ஊகிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் ஒவ்வொரு பயனரின் கோப்புறையாகத் தேடிப் போய் எழுத வேண்டியதாயிற்று. நிறுவனங்களுக்கான ஒழுங்கான விதிக்கோப்பு முறை 2018இல், பயர்பொக்ஸ் 60உடன்தான் வந்தது.

நான் முதலில் வேலை செய்த அலுவலகத்தில் இப்படி ஒரு பழைய ஸ்கிரிப்ட் இருந்தது. எழுதியவர் எப்போதோ ஓய்வுபெற்றுப் போய்விட்டார். மேலே நெட்ஸ்கேப்புக்கான வரிகள், அடுத்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், கீழே பயர்பொக்ஸ். மண்ணைத் தோண்டும்போது அடுக்கடுக்காகக் காலங்கள் தெரிவது போல இருந்தது. அந்த உலாவிகளில் ஒன்று உலகத்திலேயே வழக்கொழிந்த பிறகும், அதற்கான கட்டளை தினமும் காலையில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாருடைய போக்குவரத்தையும் திருப்பிவிடும் வரிகள் அவை. ஆனால் அங்கே வேலை செய்தவர்களில் அநேகமாக எவருக்கும் அவை இருப்பதே தெரியாது.

யார் பதில் சொல்கிறார்கள்?

1999இல் இன்னொரு படி முன்னே போனார்கள். யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை, உலாவியே வலையமைப்பைப் பார்த்து "எனக்கான பாக் கோப்பு எங்கே?" என்று கேட்கட்டும் என்றார்கள். டபிள்யூபாட் என்பது இந்த முறையின் பெயர். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 இதைக் கொண்டு வந்தது.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கேள்வியை உரக்கக் கேட்டால், யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். 2012இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபிளேம் என்ற உளவு நிரல் இதைத்தான் செய்தது. ஒரு கணினிக்குள் புகுந்ததும், பக்கத்துக் கணினிகளின் கேள்விக்கு "நானே உங்கள் புராக்சி" என்று பதில் சொன்னது. பிறகு விண்டோஸ் புதுப்பிப்பு என்ற பெயரில் தன்னையே அவற்றுக்கு அனுப்பியது. 2016 மே மாதத்தில் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பும் ஓர் எச்சரிக்கை விட்டது. அலுவலக மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டு போனால், அது அதே கேள்வியைத் திறந்த இணையத்தில் கேட்கக்கூடும், அங்கே முன்பின் தெரியாதவர் பதில் சொல்லக்கூடும் என்று.

இந்தக் கதையில் நான் காண்பது இதுதான். கையால் செய்த வேலை ஸ்கிரிப்டாகி, ஸ்கிரிப்ட் விதியாகி, விதி தானியங்கியானது. ஒவ்வொரு படியிலும் நிர்வாகியின் வேலை குறைந்தது. அதேநேரம் அந்த முடிவு, கணினியின் முன்னால் இருப்பவரின் கண்ணிலிருந்து இன்னும் தூரமாய்ப் போனது.

அலுவலகமோ பாடசாலையோ தன் கணினிக்கு வழி வகுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அந்தக் கணினியைப் பயன்படுத்துகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பாதுகாப்பான தளங்களில் நீங்கள் எழுதுவதைச் சாதாரணப் புராக்சியால் படிக்க முடியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியும். சில நிறுவனங்கள் தங்கள் கணினிகளில் கூடுதல் சான்றிதழ் வைத்து, உள்ளடக்கத்தையும் பார்க்கின்றன.

இன்றைக்கே பாருங்கள். விண்டோஸில் வலையமைப்பு அமைப்புகளுக்குள் புராக்சி என்ற பகுதி இருக்கும். குரோமின் மெனுவிலோ பயர்பொக்ஸின் அமைப்புகளிலோ, இது உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று ஒரு வரி இருக்கலாம். இருந்தால் பயப்பட வேண்டாம், மாற்றவும் வேண்டாம். பாடசாலையின் கணினிப் பொறுப்பாளரிடம் போய், "இதில் எதைப் பார்க்கிறீர்கள்? எவ்வளவு நாள் வைத்திருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும்.